உடைமையும் சந்தாவும்

விலைகொடுத்துப் பொருளொன்றை வாங்கியவன் அதற்கு உடையவனாகின்றான் என்பது உலகம் நெடுங்காலமாக ஒப்புக்கொண்டுவந்த முடிபாகும். விலையைப் பெற்றுக்கொண்டு பொருளைக் கையில் ஒப்படைத்தவுடன் விற்றவனுக்கும் அப்பொருளுக்கும் இருந்த தொடர்பு தீர்ந்துவிடுகின்றது. மண்வெட்டி வாங்கியவன் அதனால் தோட்டங் கொத்தலாம். அயலவனுக்கு இரவல் கொடுக்கலாம். பிடி முறிந்தால் வேறு பிடி இடலாம். வேண்டாதபோது விற்றும் விடலாம். அதனைச் செய்த கொல்லன் மறுமாதம் படலையில் வந்து நின்று, "ஈரமண்ணைக் கொத்துவதற்கு நீ எனக்கு மாதந்தோறும் பணந் தரல் வேண்டும், தாராவிடின் அலகு மண்ணில் இறங்காது" என்று கூறுவானாயின் அதனைக் கேட்டு நகையாதார் யாவர்?

இந்நாளில் உலகப் பெருங் கொம்பனிகள் சில ஏறக்குறைய இதனையே கூறுகின்றன. வாங்கிய மோட்டார்க் காரில் முன்னரே அமைந்துள்ள ஓர் ஆற்றலை வாங்கியவர் பயன்படுத்தாதபடி பூட்டிவைத்து, மாதச் சந்தாவோ ஆண்டுச் சந்தாவோ செலுத்துங் காலம்வரை மட்டும் அப்பூட்டைத் திறந்துவிடுதல் வணிகத்தில் ஒரு முறையாக வளர்ந்துவருகின்றது. வீட்டுக் கருவிகளுக்கும் அச்சுப்பொறிகளுக்கும் இதனையொத்த முறைகள் வந்துள்ளன. இம்முறை யாது, எவ்வாறு இயல்வதாயிற்று, இதில் முறையானது எது, முறையற்றது எது, நம்மனோர் இதுபற்றி ஏன் சிந்தித்தல் வேண்டும் என்பவற்றை இக்கட்டுரையில் ஆராய விழைகின்றோம்.

முதலில் நிகழ்ந்தவற்றைக் காண்போம். ஜேர்மனி நாட்டுப் பி.எம்.டபிள்யூ. கொம்பனி காரின் முன்னாசனங்களைச் சூடாக்கும் வசதியைத் தென் கொரியா, பிரித்தானியா முதலிய நாடுகளிற் சந்தா முறையில் விற்பது 2022 ஆம் ஆண்டு ஜூலையிற் பலரும் அறிய வெளிப்பட்டது. பிரித்தானியாவில் அதற்கு மாதமொன்றுக்கு 15 பவுண் கேட்கப்பட்டது. வெப்பநாட்டில் வாழும் நமக்கு இவ்வசதி வேடிக்கையாகத் தோன்றலாம். உறைபனியில் அதிகாலையிற் பணிக்குச் செல்வோர்க்கு அஃது அவ்வாறன்று. காரை வாங்கும்போதே இவ்வசதிக்குத் தனிவிலை கொடுத்தோர் சந்தா செலுத்த வேண்டியதில்லை என்பதையும் நேர்மை கருதிக் கூறுதல் வேண்டும். மற்றையோரின் வண்டியிலும் சூடாக்கும் கம்பிச் சுருள் ஆசனத்தினுள் வைக்கப்பட்டேயிருந்தது. பணம் வரும்வரை அது வாளாவிருந்தது. பல நாடுகளிலும் கண்டனம் எழவே, 2023 செப்டெம்பரில் ஆசனச் சூட்டிற்குச் சந்தா அறவிடுவதைக் கைவிடுவதாகக் கொம்பனி அறிவித்தது.

அத்துடன் இக்கதை முடியவில்லை. மேர்சிடிஸ் பென்ஸ் கொம்பனி 2022 நவம்பரில், ஐக்கிய அமெரிக்காவில் விற்கப்பட்ட தன் மின்சாரக் கார்கள் சிலவற்றின் விரைவை மிகுவிப்பதற்கு ஆண்டொன்றுக்கு 1,200 டொலர் என விலை குறித்தது. இதனைச் செலுத்துவோரின் கார் நின்ற நிலையிலிருந்து மணிக்கு 60 மைல் வேகத்தை எட்டுவதற்கு ஏறக்குறைய ஒரு செக்கன் குறைவாக எடுக்கும். புதிய மோட்டரோ புதிய பற்றறியோ வண்டியிற் சேர்க்கப்படுவதில்லை. வொக்ஸ்வாகன் கொம்பனியும் 2025 ஆம் ஆண்டு பிரித்தானியாவில் ஐ.டி. 3 என்னும் மின்சாரக் காரின் வலுவை 201 குதிரைவலுவிலிருந்து 228 குதிரைவலுவாக உயர்த்துவதற்கு மாதம் 16 பவுண் 50 பென்ஸ், அல்லது ஒரேமுறையில் 649 பவுண் என்று கேட்டது. இங்கும் மாறியது மென்பொருளே, பொறியன்று.

இஃது எவ்வாறு இயலும்? முற்காலக் காரில் ஆளியை அழுத்தினால் பற்றறியிலிருந்து மின்னோட்டம் நேரே சுருளுக்குப் பாயும். ஆளிக்கும் சுருளுக்கும் இடையில் நின்றது கம்பி மாத்திரமே. கம்பி யாரிடமும் அனுமதி கேட்பதில்லை. இக்காலக் காரிலோ இடையில் ஒரு சிறு கணினி இருக்கின்றது. ஆளியை அழுத்துதல் அக்கணினிக்கு விடுக்கும் விண்ணப்பமாகின்றது. இவ்வண்டிக்கு இவ்வசதி அனுமதிக்கப்பட்டதா எனக் கணினி தன் நினைவகத்திலுள்ள பதிவை நோக்கும், அனுமதி இருப்பின் மின்னோட்டத்தைச் செலுத்தும், இல்லாவிடின் வாளாவிருக்கும். அப்பதிவைக் கொம்பனியார் பல்லாயிரம் மைலுக்கு அப்பாலிருந்தும் கைத்தொலைபேசி வலையமைப்பின் வழியாக மாற்றவல்லர். இவ்வாறு, விற்ற பின்னரும் பொருளோடு நீங்காத தொடர்பொன்று விற்றவர்க்கு வாய்த்துவிட்டது. கொல்லனுக்கு வாயாத ஆற்றல் இதுவே.

பூட்டும் திறப்பும் இவ்வாறு பிறர் கையில் இருத்தலின் பொருளை விளக்கும் நிகழ்ச்சியொன்று 2017 ஆம் ஆண்டு நடந்தது. அமெரிக்காவின் டெஸ்லா கொம்பனி 2016 இல் 'மொடல் எஸ் 60' என்ற காரை விற்றபோது, அதனுட் பொருத்தியது 75 கிலோவாற்று மணித்தியால அளவுள்ள பற்றறியாகும். குறைந்த விலை கொடுத்தோர் அதில் ஒரு பகுதியைப் பயன்படுத்தாவாறு மென்பொருளாற் பூட்டப்பட்டிருந்தது. மேலும் பணங் கொடுத்தால் பூட்டுத் திறக்கும். 2017 செப்டெம்பரில் இர்மா என்னும் பெருஞ்சூறாவளி புளோரிடா மாநிலத்தை நெருங்கியது. மக்கள் வீடுகளை விட்டு வடக்கு நோக்கி விரைந்தனர். தூரம் போதவில்லை என ஓர் உரிமையாளர் கேட்டுக்கொண்டதன்பேரில், டெஸ்லா அப்பகுதியிலிருந்த அத்தகைய கார்கள் அனைத்தின் பூட்டையும் சில நாள்களுக்குத் திறந்துவிட்டது. ஒவ்வொரு காரும் ஏறக்குறைய 30, 40 மைல் தூரம் மேலதிகமாக ஓடும் ஆற்றலைப் பெற்றது. இடர் நீங்கியபின் பூட்டு மீண்டும் விழுந்தது.

செய்தது நற்செயலே; அதனைக் குறைகூறல் தகாது. எனினும் அந்நாளில் அவ்வூரார் அறிந்துகொண்ட உண்மையை நாமும் நோக்குதல் வேண்டும். புயலிலிருந்து தப்பிச் செல்வதற்கு வேண்டிய மின்சாரம் அவர்தம் வண்டியிலேயே இருந்தது. அதன் பாரத்தை அவர்கள் நாள்தோறும் சுமந்து திரிந்தனர். ஆயின் அதனைப் பயன்படுத்தும் அதிகாரம் கலிபோர்ணியாவிலிருந்த ஓர் அலுவலகத்தின் கருணையில் தங்கியிருந்தது.

இத்தகைய வணிகம் முற்றிலும் புதியதன்று. கணினிக்கு முன்னோடியான துளையட்டை இயந்திரங்களை ஐ.பி.எம். கொம்பனி விற்பதில்லை, வாடகைக்கே விட்டது. தன்னிடமே அட்டைகளையும் வாங்குதல் வேண்டும் என்றும் நிபந்தனை விதித்தது. அந்நிபந்தனை சட்டத்துக்கு மாறானது என 1936 இல் அமெரிக்க உயர் நீதிமன்றம் தீர்த்தது. 1956 இல் அரசாங்கத்தோடு செய்துகொண்ட உடன்பாட்டின்படி, இயந்திரங்களை விலைக்கும் விற்றல் வேண்டும் என்ற கட்டுப்பாடு அக்கொம்பனிக்கு ஏற்பட்டது. 1959 இல் வெளிவந்த ஸெரொக்ஸ் 914 என்னும் நிழற்பிரதி இயந்திரமும் பெரும்பாலும் மாதம் 95 டொலர் வாடகைக்கே கொடுக்கப்பட்டது. முதல் 2,000 பிரதிகளுக்கு மேற்பட்ட ஒவ்வொரு பிரதிக்கும் 4 சதம் வேறாகச் செலுத்துதல் வேண்டும். ஆயின் அக்கால வணிகத்துக்கும் இக்கால வணிகத்துக்கும் ஒரு பெருவேறுபாடு உண்டு. அன்று வாடகை வாடகை என்றே அழைக்கப்பட்டது. இயந்திரம் பழுதானால் உடையவராகிய கொம்பனியாரே வந்து திருத்தினர். இன்றோ முழுவிலையும் பெறப்படுகின்றது. விற்பனை என்றே பற்றுச்சீட்டும் எழுதப்படுகின்றது. அதன் பின்னர் வாடகை தொடங்குகின்றது.

கொம்பனியார் தரப்பு நியாயத்தையும் கேட்டல் முறையாகும். பலவகைக் கார்களைத் தனித்தனியே செய்வதினும் எல்லாவற்றையும் ஒரேவகையாகச் செய்து, வேண்டாதவற்றை மென்பொருளாற் பூட்டிவிடுதல் தொழிற்சாலைக்குச் சிக்கனம் என்பர். இது பொய்யன்று. ஐ.பி.எம். 1990 இல் விற்ற மலிவான லேசர் அச்சுப்பொறியொன்று விலைகூடிய பொறியின் வேகத்திற் பாதியளவே, அதாவது நிமிடத்துக்கு 10 பக்கத்துக்குப் பதிலாக 5 பக்கமே, அச்சிட்டது. அதனை மெதுவாக்குவதற்கென்றே மேலதிக உறுப்புகள் உள்ளே சேர்க்கப்பட்டிருந்தன. இவ்வாறு வேண்டுமென்றே குறைபடுத்திய பொருள்களைப்பற்றி டெனெக்கெரே, மக்காபி என்னும் பொருளியலறிஞர் இருவர் 1996 இல் ஆராய்ந்தெழுதினர். சில வேளைகளில் இம்முறையாற் செல்வர், வறியர் இருசாராரும் நன்மை பெறுதலும் கூடும் என்று அவர்கள் காட்டினர். மலிவுப் பொருள் இல்லாதிருப்பின் வறியவர் ஒன்றும் வாங்கார் அன்றோ! குளிர்காலம் மூன்று மாதமேயாயின் மூன்று மாதத்துக்கு மட்டும் ஆசனச் சூட்டுக்குப் பணங் கட்டலாம் என்பதும், பழைய காரை வாங்கும் இரண்டாமவர் முதல்வர் வேண்டாத வசதியைத் தாம் பெறலாம் என்பதும் கொம்பனியார் எடுத்துரைக்கும் பிற நன்மைகளாம்.

ஆகவே சந்தா என்ற சொல்லைக் கேட்டமாத்திரத்தே வெகுளுதல் அறிவுடைமையன்று. நல்ல சந்தாவையும் தீய சந்தாவையும் பிரித்தறிதற்கு ஓர் அளவுகோல் வேண்டும். அவ்வளவுகோல் நம் வீட்டு மின்குமிழிலேயே உளது. மின்குமிழ் எமது, அதனூடாகப் பாயும் மின்சாரம் மின்சார சபையினது. நாள்தோறும் நீர்வீழ்ச்சியாலோ எரிபொருளாலோ அதனை உண்டாக்குதற்குச் சபைக்குச் செலவுண்டு. ஆதலின் மாதந்தோறும் பட்டியல் வருதல் நியாயமே. முற்காலத்தில் இலங்கையில் வானொலிப் பெட்டி வைத்திருந்தோர் ஆண்டுதோறும் அனுமதிப்பத்திரக் கட்டணம் செலுத்தியதை எம்மில் மூத்தோர் நினைவுகூர்வர். பெட்டி தமதாயினும் பாட்டும் செய்தியும் நாள்தோறும் புதிதாக வந்தன. அவ்வாறே காருக்கு வரும் வீதி நெரிசற் செய்தி, புதுப்பிக்கப்படும் தேசப்படம், இணையத்திற் படங்களைச் சேமித்து வைக்கும் இடம் ஆகியவற்றுக்குச் சந்தா கேட்பவர் தொடர்ந்து உழைக்கின்றார். தொடர்ந்து செலவு செய்கின்றார்.

ஆசனச் சூட்டிற்கு இவ்வளவுகோலை வைத்துப் பார்ப்போம். சுருள் வண்டியிலே உளது. மின்சாரம் வண்டியின் பற்றறியிலிருந்து வருகின்றது. அதனை உண்டாக்கும் எரிபொருளுக்கோ மின்னேற்றத்துக்கோ உடையவரே பணங் கொடுக்கின்றார். சுருளின் பாரத்தைச் சுமப்பதும் அவரே. அவ்வாறாயின் மாதந்தோறும் 15 பவுண் எதற்கு? கொம்பனியார் அம்மாதம் புதிதாகச் செய்து கொடுத்தது யாது? ஆழ்ந்து நோக்கின், பூட்டாதிருத்தல் ஒன்றே அவர்கள் விற்கும் பண்டம் என்பது புலனாகும். தொடர்ந்து செய்யும் பணிக்குச் சந்தா பெறுதல் முறை. தொடர்ந்து செய்யாதிருப்பதற்குச் சந்தா பெறுதல் முறையன்று. இதுவே யாம் கொண்ட முடிபு.

இரண்டுக்கும் இடைப்பட்ட நிலையிலுள்ளவையும் உண்டு. எச்.பி. கொம்பனியின் 'இன்ஸ்ரன்ட் இங்க்' என்னும் திட்டத்தில் அச்சுப்பொறி வாங்கியவருடையது. காட்ரிஜ் எனப்படும் மைப்பெட்டி கொம்பனியுடையது. மாதத்தில் இத்தனை பக்கம் அச்சிடலாம் எனக் கணக்கிட்டுச் சந்தா பெறுவர். மை முடியுமுன் புதிய பெட்டியைத் தபாலில் அனுப்புவர். இது தொடர்ந்து செய்யும் பணியே. ஆயினும் சந்தாவை நிறுத்தினால், பெட்டியில் மை எஞ்சியிருப்பினும் அச்சுப்பொறி அதனைக் கொண்டு அச்சிட மறுக்கும். இதனை அறிந்து இணைந்தோர்க்குக் குறையில்லை. அறியாதார், மையிருந்தும் எழுத்து வரவில்லையே எனத் திகைப்பர். எனவே பணியின் தன்மையோடு, முன்னறிவித்தலும் நியாயத்தின் ஒரு பாதியாகின்றது.

முன்னறிவித்தல் இன்றி வாங்கியபின் வந்த சந்தாவும் உண்டு. அமெரிக்காவில் விங்க் என்னும் கொம்பனி வீட்டு விளக்கு, கதவுப் பூட்டு முதலியவற்றை இணைத்து ஆளும் சிறு பெட்டியொன்றை மாதக் கட்டணம் எதுவுமின்றி விற்றுவந்தது. 2020 மே மாதம் 6 ஆம் நாள், இனி மாதம் 4 டொலர் 99 சதம் தரல் வேண்டும் என்றும், ஒரு வாரத்துள் இணையாதார் பெட்டியைப் பயன்படுத்தவியலாது என்றும் அறிவித்தது. எதிர்ப்பினால் அந்நாள் சில வாரங்கள் பிற்போடப்பட்டது, கட்டணம் கைவிடப்படவில்லை. இதனினுங் கொடியது பெட்டியின் உயிரே நீங்குதல். ரெவொல்வ் என்ற அத்தகைய பெட்டி ஏறக்குறைய 300 டொலருக்கு விற்கப்பட்டது; வாழ்நாட் சந்தாவும் விலையுள் அடக்கம் எனப்பட்டது. அக்கொம்பனியை வாங்கிய நெஸ்ட் நிறுவனம் 2016 மே 15 இல் அதற்குரிய இணையச் சேவையை நிறுத்தியவுடன் பெட்டிகள் யாவும் பயனற்றொழிந்தன. வாழ்நாள் என்றது வாங்கியவரின் வாழ்நாளையன்று, சேவையின் வாழ்நாளையே என்று பலரும் அன்று உணர்ந்தனர்.

பழைய பொருளை விற்பதிலும் வாங்குவதிலும் இச்சிக்கல் தலைகாட்டுகின்றது. அமெரிக்காவில் ஏலத்தில் எடுத்த பழைய டெஸ்லா காரொன்றைத் தரகரிடம் வாங்கியவர், தானாகச் செலுத்தும் வசதிகள் அதில் உண்டு எனக் கண்டே வாங்கினார். பின்னர் அவ்வசதிகளுக்கு அவர் பணங் கட்டவில்லை எனக் கூறிக் கொம்பனி அவற்றை நீக்கியது. 2020 பெப்ரவரியில் இச்செய்தி பரவியபின் அவை மீண்டும் அவருக்கு அளிக்கப்பட்டன. யப்பானிலிருந்து வரும் பழைய கார்களையே பெரும்பாலும் நம்பியிருக்கும் நம் நாட்டார் இதனைக் கருத்திற் கொள்ளல் நன்று. இதுகாறும் பழைய காரை வாங்குவோர் எஞ்சினின் ஒலியைக் கேட்டனர். ஓடிய தூரத்தைப் பார்த்தனர். அடித்தட்டைத் தட்டிப் பார்த்தனர். இனி, கண்ணுக்குப் புலனாகாத அனுமதிகள் எவை வண்டியோடு வரும், எவை முதல் உடையவரோடு போய்விடும் என்பதையும் உசாவுதல் வேண்டும்.

சட்டம் என்ன கூறுகின்றது? விற்ற பண்டத்தின்மேல் விற்றவன் பின்னும் கட்டுப்பாடு விதித்தல் தகாது என்ற கொள்கை பழைமையானது. எட்வேட் கோக் என்னும் ஆங்கில நீதிவாணர் 1628 இல் வெளியிட்ட நூலில் அதனை எடுத்துரைத்தார். ஏறக்குறைய நான்கு நூற்றாண்டு கழித்து, 2017 மே 30 இல், அமெரிக்க உயர் நீதிமன்றத்தின் பிரதம நீதியரசர் ஜோன் ரொபேட்ஸ் எழுதிய தீர்ப்பொன்றில் கோக்கின் கருத்துச் சான்றாகக் காட்டப்பட்டது. ஒருமுறை மட்டுமே பயன்படுத்துக என்ற நிபந்தனையோடு லெக்ஸ்மார்க் கொம்பனி விற்ற அச்சுப்பொறி மைப்பெட்டிகளில் மீண்டும் மை நிரப்பிப் பிறர் விற்றதுபற்றிய வழக்கு அது. விற்றவுடன் அப்பண்டத்தின்மேல் ஆக்கவுரிமையாளருக்கு உள்ள உரிமை தீர்ந்துவிடுகின்றது என மன்று தீர்த்தது.

பண்டத்துக்கு உரைத்த இத்தீர்ப்பு அதனுள் இருக்கும் மென்பொருளுக்கு முழுவதும் பொருந்துவதில்லை. மென்பொருளைக் கொம்பனியார் விற்பதில்லை; பயன்படுத்த அனுமதி மட்டுமே தருவதாக ஒப்பந்தம் எழுதுகின்றனர். மின்னணுப் பூட்டை உடைத்தலை விலக்கும் பதிப்புரிமைச் சட்டமொன்று அமெரிக்காவில் 1998 இல் நிறைவேறியது. ஜோன் டியர் என்னும் உழவு இயந்திரக் கொம்பனி 2015 இல் அந்நாட்டுப் பதிப்புரிமை அலுவலகத்துக்கு எழுதியபோது, உழவு இயந்திரம் வாங்கியவருக்கு அதன் மென்பொருளைப் பொறுத்தவரை அதனை இயக்குதற்கான அனுமதி உண்டென்றே கொள்ளத்தகும் என வாதித்தது. உழவர்கள் இதனை ஏற்றிலர். பழுதுபார்த்தற்பொருட்டு வண்டியின் பூட்டைத் திறத்தல் குற்றமன்று என அதே ஆண்டு அக்டோபரில் விலக்களிக்கப்பட்டது. ஐரோப்பிய ஒன்றியம் 2024 இற் பிறப்பித்த பணிப்புரையொன்றும், அதில் அடங்கும் பண்டங்களைப் பழுதுபார்ப்பதை மென்பொருள் உத்தியாலோ ஒப்பந்த வாசகத்தாலோ நியாயமின்றித் தடுத்தலாகாது என விதித்தது. பழுதுபார்க்கும் உரிமை இவ்வாறு படிப்படியாக வென்றுவருகின்றது. பூட்டாதிருத்தற்குப் பணம் கேட்பது தகுமா என்ற வினாவோ இவற்றால் தீரவில்லை.

நம் நாட்டிலும் 1896 ஆம் ஆண்டின் 11 ஆம் இலக்கப் பொருள் விற்பனைக் கட்டளைச் சட்டம், வாங்கியவன் பண்டத்தைத் தடையின்றி அனுபவித்தல் வேண்டும் என்பதை விற்பனையுள் அடங்கிய உறுதிமொழியாகக் கொள்கின்றது. இச்சட்டம் எழுதப்பட்ட காலத்தில் விற்றவன் தொலைவிலிருந்து பண்டத்தைப் பூட்டவல்லவன் அல்லன். ஆயினும் அதன் உட்கிடையை நம் முன்னோர் நன்கறிந்திருந்தனர். யாழ்ப்பாணத்துத் தேசவழமையில் ஒற்றி என்றொரு முறையுண்டு. அதில் நிலத்துக்கு உடையவன் ஒருவன். பணங் கொடுத்து, வட்டிக்குப் பதிலாக விளைவை அனுபவிப்பவன் மற்றொருவன். உடைமையும் அனுபவமும் இருவேறாதல் கூடும் என்பது நமக்குப் புதுமையன்று. ஆனால் அது வெளிப்படையான உடன்பாடு. பணத்தைத் திருப்பிக் கொடுத்தால் ஒற்றி மீளும். முழுவிலைக்கு வாங்கிய காணியின் விளைவு விற்றவனிடமே இருக்கும் என்று கூறின் அதனை நம்மவர் எவரும் விற்பனை என ஒப்பார்.

காணி உறுதிகளைப் படித்தோர் மற்றொன்றையும் அறிவர். காணியின் எல்லைகளோடு கிணற்றுப் பங்கும், வழிவாய்க்கால் உரிமையும், நிற்கும் மரங்களும் உறுதியிலே தெளிவாக எழுதப்படும். எழுதாதது பின்னர் வழக்குக்கு இடமாகும் என்பதை அனுபவம் கற்பித்தது. மென்பொருளோடு கூடிய பண்டங்களுக்கும் இவ்வொழுங்கே வேண்டப்படுகின்றது. எது விலையுள் அடக்கம், எது சந்தாவுக்கு உட்பட்டது, சந்தா நின்றால் எது எஞ்சும், மறுவிற்பனையில் எது செல்லும் என்பவற்றைச் சிறிய எழுத்திலன்றி விற்பனைச் சீட்டின் முகப்பிலேயே எழுதுதல் வேண்டும்.

இம்மலரை வாசிக்கும் பழைய மாணவர்க்கு இப்பொருள் வெறும் அறிவுக் கேளிக்கையன்று. யூபிலி ஆண்டில் உள்நாட்டிலும் கடல்கடந்தும் வாழும் பழைய மாணவர் பலர் கல்லூரிக்கு ஏதேனும் வழங்க விரும்புவர். கணினி, அச்சுப்பொறி, 'ஸ்மார்ட் போர்ட்' என்னும் மின்னணுப் பலகை போன்றவையே இக்காலத்திற் பெரிதும் நினைவுக்கு வருவன. ஒரு தலைமுறையார் அளித்த பித்தளைத் தராசும் நுணுக்குக்காட்டியும் துடைத்துப் பேணினால் அடுத்த தலைமுறைக்கும் பயன்படும். சந்தாவில் தங்கிய மின்னணுப் பலகையோ சந்தா தீர்ந்தநாள் முதல் சுவரில் தொங்கும் வெறுங் கண்ணாடியாகலாம். கொடுத்தவர் பெயர் பலகையின் கீழ் இருக்கும். பாடம் மேலே தோன்றாது. அன்றியும் இத்தகைய சந்தாக்கள் பெரும்பாலும் டொலரிலே விதிக்கப்படுகின்றன. 2022 மார்ச்சுத் தொடக்கத்தில் ஏறக்குறைய 200 ரூபாவாக இருந்த டொலரின் விலை மே மாதமளவில் 350 ரூபாவைக் கடந்ததை எவரும் மறந்திரார். ஒருமுறை விலைகொடுத்து முடித்த பொருளை அவ்விலையேற்றம் தீண்டவில்லை. ஆண்டுதோறும் டொலர் கேட்கும் பொருள் எந்தப் பாடசாலையையும் இடர்ப்படுத்தும்.

ஆகவே கல்லூரிக்கோ வீட்டுக்கோ இவ்வகைப் பொருள் வாங்குமுன் ஐந்து வினாக்களைக் கேட்குமாறு வேண்டுகின்றோம். முதலாவது, இணையத் தொடர்பின்றி இப்பொருள் எவ்வளவு தூரம் இயங்கும்? இரண்டாவது, சந்தா உண்டாயின், விற்பவர் தொடர்ந்து செய்யும் பணி யாது? மூன்றாவது, சந்தா நின்றபின் எப்பயன் எஞ்சும்? நான்காவது, பொருளை இன்னொருவர்க்கோ இன்னொரு நிறுவனத்துக்கோ கொடுத்தால் எல்லா வசதிகளும் உடன் செல்லுமா? ஐந்தாவது, ஐந்து ஆண்டுக்கான சந்தாவையுங் கூட்டினால் உண்மை விலை யாது? இவற்றுக்கு விடையை எழுத்திற் பெறுதல் நலம். எழுத்திலே தர மறுக்கும் கடைக்காரரின் மறுப்பே ஒரு விடையாகும். கொடை வழங்குவோர் பொருளின் விலையோடு சந்தாவுக்குரிய பணத்தையும் சேர்த்து வைப்பிலிடுதல், அல்லது சந்தா வேண்டாத எளிய பொருளையே தேர்தல், கல்லூரிக்குச் செய்யும் நிறைவான உதவியாகும்.

மாணவர்களுக்கும் ஒரு சொல். உங்களுட் பலர் பொறியியலாளராகவும் கணினித்துறையினராகவும் சட்டவாணராகவும் கணக்காளராகவும் வரப்போகின்றீர்கள். நாளை எங்கோ ஓர் அலுவலகத்தில், விற்றுமுடித்த பொருளுக்குப் பூட்டமைக்கும் பணியோ, அப்பூட்டுக்கு ஒப்பந்தம் எழுதும் பணியோ உங்கள் மேசைக்கு வருதல் கூடும். அப்பொழுது, இச்சந்தாவுக்கு ஈடாக நாம் தொடர்ந்து செய்வது யாது என்ற வினாவை உங்கள் மேலாளர் முன்னிலையிற் கேட்கும் துணிவு உங்களுக்கு வேண்டும். விடை இருப்பின் பணியைச் செவ்வனே செய்யுங்கள். விடை இல்லையாயின், இல்லை என்பதை எடுத்துரைப்பதும் நீங்கள் கற்ற கல்வியின் கடமையாகும்.